சர்க்கரை நோயாளியின் ரத்தக்குழாயில் வைட்டமின் மாத்திரை என்ன செய்கிறது?

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டால், சர்க்கரைக்கானதையும் ரத்த அழுத்தத்துக்கானதையும் சொல்வோம். வைட்டமின் மாத்திரை நினைவுக்கே வராது. அதைச் சத்து என்று எண்ணுகிறோமே தவிர, மருந்தாக எண்ணுவதில்லை.

2007இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்த பிறகு என்னால் அப்படி எண்ண முடியவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் வைட்டமின் ஈ ஆறு வாரம் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்களின் மேல் ரத்த அழுத்தம் சுமார் 7 புள்ளிகள் ஏறியிருந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர ஆய்வாளர்கள் 30 நீரிழிவு நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு அதே 500 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்திருந்தார்கள். நான்கே வாரத்தில் சராசரியாக 142ஆக இருந்த அவர்களின் மேல் ரத்த அழுத்தம் 132ஆக இறங்கியது. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இறக்கும் அளவுக்கு ஏறக்குறைய இது சமம்.

இரண்டுமே ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை என்றுதான் விற்கப்படுகின்றன. பிறகு ஏன் இப்படி?

ரத்தக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. சில நொடிகளே நிலைக்கும் அந்த வாயு, குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, அழுத்தம் தணிகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை மிகும்போது செல்லுக்குள் சூப்பர்ஆக்சைடு என்ற, எளிதில் வினைபுரியும் ஆக்சிஜன் துகள் பெருகி, அந்த வாயுவைப் பிடித்து அழித்துவிடுகிறது. அதோடு நிற்பதில்லை. வாயுவைத் தயாரிக்கும் நொதிக்குத் துணையாக இருக்கும் டெட்ராஹைட்ரோபயாப்டெரினையும் அது சிதைக்கிறது. துணையை இழந்த நொதி, நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதிலாகத் தானே சூப்பர்ஆக்சைடை உண்டாக்கத் தொடங்கும். வேலியே பயிரை மேய்கிற நிலை இது.

வைட்டமின் சி அந்தத் துணைப்பொருளைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஆக்சிஜனேற்றம் அடைந்த வைட்டமின் சி, செல்லுக்குள் நுழைவது குளுக்கோஸ் நுழையும் அதே வாசல் வழியாக. சர்க்கரை முண்டியடிக்கும் வாசலில் அதற்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை.

வைட்டமின் ஈ கொழுப்பில் கரைந்து, செல்லின் சவ்வில் தங்குவது. ஓர் எலக்ட்ரானைக் கொடுத்ததும் அதுவே வினைபுரியத் துடிக்கும் துகளாகிவிடும். அதை மீட்டெடுப்பது வைட்டமின் சிதான். சி பற்றாக்குறையாக உள்ள உடலில் ஈ மட்டும் குவிந்தால் தீங்கு நேரலாம் என்பது பெர்த் முடிவுக்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

அப்படியானால் வைட்டமின் சி மாத்திரை வாங்கலாமா? அவசரப்பட வேண்டாம் என்பேன். பெல்ஃபாஸ்ட் ஆய்வு சிறியது, ஒரே மாதம் நடந்தது. உடலில் மிஞ்சும் வைட்டமின் சியின் ஒரு பகுதி ஆக்சலேட் என்ற கழிவாக மாறிச் சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டும். நீரிழிவு உள்ளவர்களில் பலருக்கு அந்தச் சிறுநீரகமே தளர்ந்திருக்கும். அதிக அளவில் எடுத்தால், வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சில கருவிகள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. எனக்கு அதுவே நல்ல வழியாகத் தெரிகிறது.

தண்ணீரில் போட்டால் பொங்கும் வைட்டமின் மாத்திரைகளைக் கூர்ந்து பாருங்கள். சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்வதால் வரும் நுரை அது. கரியமில வாயு குமிழியாக மேலேறிப் போய்விடும். சோடியம் தம்ளரிலேயே தங்கிவிடும். சில வகைகளில் ஒரு மாத்திரையே ஏறக்குறைய ஒரு கிராம் உப்புக்குச் சமமான சோடியம் கொண்டது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தத்துக்குப் பயந்து ஊறுகாயை ஒதுக்கியவர், காலையில் குடிக்கும் அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரையும் உப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.