குடியுரிமை வேறு, குடிமை உரிமை வேறு: ‘சிவில் ரைட்ஸ்’ என்ற சொல்லின் கதை

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: “அத்தை, மார்ட்டின் லூதர் கிங் அமெரிக்காவுலதானே பொறந்தாரு? அப்புறம் எதுக்குக் குடியுரிமை கேட்டுப் போராடுனாரு?”

அவள் பார்த்து எழுதிய பக்கத்தில் “கறுப்பின மக்களின் குடியுரிமைக்காகப் போராடியவர்” என்று அச்சாகியிருந்தது. இந்த வரியை நாம் எல்லோரும் பலமுறை படித்திருப்போம், ஒருமுறைகூட உறுத்தியிருக்காது. பிள்ளைக்கு உறுத்தியிருக்கிறது. கிங் 1929இல் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் பிறந்தவர். பிறந்த அன்றைக்கே அமெரிக்கக் குடிமகன். குடியுரிமை அவரிடம் இருந்தது, அவர் கேட்டது வேறொன்று. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘சிவில் ரைட்ஸ்’. அதை நாம் ‘சிட்டிசன்ஷிப்’புக்கு வைத்த சொல்லிலேயே போட்டு அடைத்துவிட்டோம்.

‘சிவில்’ லத்தீன் வழி வந்த சொல். ‘கிவிஸ்’ என்றால் நகரத்தான், அந்நகரத்தின் குடியாள். அதிலிருந்து ‘கிவிலிஸ்’, குடியாளுக்கு உரியது. ரோமாபுரியில் குடிகளுக்கு மட்டுமான சட்டத்தை ‘யூஸ் கிவிலே’ என்றார்கள். அயலாருக்கும் பொதுவான சட்டத்துக்குத் தனிப்பெயர் இருந்தது. ஆக, பிறக்கும்போது இந்தச் சொல் குடியுரிமையோடு ஒட்டித்தான் பிறந்தது. பின்னால் அது ஊர் ஊராகச் சுற்றிப் பொருள் மாறியது. ராணுவம் அல்லாதது சிவில், குற்றவழக்கு அல்லாதது சிவில், திருச்சபை சாராதது சிவில் என்று ஆனது. தமிழ் இந்தச் சொல்லை இடம் பார்த்துப் பிரித்தே கொண்டிருக்கிறது. சிவில் கோர்ட் உரிமையியல் நீதிமன்றம். சிவில் சப்ளைஸ் குடிமைப் பொருள் வழங்கல். சிவில் சர்வீஸ் குடிமைப் பணி. சிவில் வார் உள்நாட்டுப் போர். இலங்கைப் பள்ளிகளில் ‘சிவிக்ஸ்’ பாடம் குடியியற் கல்வி. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்த மொழி ‘சிவில் ரைட்ஸ்’ வரும்போது மட்டும் சறுக்கியிருக்கிறது.

அமெரிக்க வரலாற்றில் இரண்டு உரிமைகளும் பிணைந்தே தொடங்குகின்றன, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆப்பிரிக்க வம்சாவளியினர் அடிமையானாலும் விடுதலை பெற்றவரானாலும் அமெரிக்கக் குடிமக்கள் ஆக முடியாது என்றது. அங்கே மறுக்கப்பட்டது சந்தேகமில்லாமல் குடியுரிமைதான். உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் தடுத்தும், மறுபடி வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். நாட்டில் பிறந்தவர்கள் குடிமக்கள் என்று அறிவித்த அந்தச் சட்டம் அதோடு நிற்கவில்லை. ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், வழக்குத் தொடுக்கலாம், சாட்சி சொல்லலாம், சொத்து வாங்கலாம், விற்கலாம், வாரிசாகப் பெறலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. அந்தப் பட்டியல்தான் அன்றைய பொருளில் சிவில் ரைட்ஸ். 1868இல் வந்த 14ஆவது திருத்தம் குடியுரிமையை அரசமைப்பிலேயே பதித்தது.

கவனியுங்கள், அந்தப் பட்டியலில் வாக்கு இல்லை. அந்தக் காலத்துச் சட்டக்காரர்கள் உரிமைகளை மூன்றாகப் பிரித்துவைத்திருந்தார்கள். சொத்து, ஒப்பந்தம், நீதிமன்றம் எல்லாம் சிவில். வாக்கும் பதவியும் அரசியல். ஒரே பந்தியில் உண்பது, ஒரே வண்டியில் போவது ‘சமூக’ உரிமை, அதில் சட்டம் தலையிடாது என்பது பலரின் வாதம். இந்தக் கோடுகளை அழிக்கத்தான் நூறாண்டு பிடித்தது. வர்ஜீனியா மைனர் என்ற மிசௌரிப் பெண் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1875இல் வந்த தீர்ப்பு: நீங்கள் குடிமகள்தான், ஆனால் வாக்கு குடியுரிமையோடு வருவதில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை 1924இல்தான் வந்தது. வந்த பிறகும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் அவர்கள் வாக்களிக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

குடியுரிமை இருந்தும் உரிமை இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பதற்கு நான் அண்ணன் மகளிடம் சொன்னது கிரீன்ஸ்பரோ கதை. வட கரோலினா மாநிலத்து ஊர். 1960 பிப்ரவரி 1. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் நான்கு கறுப்பின இளைஞர்கள் ஊல்வொர்த் கடைக்குள் போகிறார்கள். பற்பசை போலச் சில்லறைச் சாமான்கள் வாங்குகிறார்கள், காசை வாங்கிக்கொண்டு ரசீது தருகிறார்கள். அதே கடையின் சிற்றுண்டிப் பகுதிக்குப் போய், வரிசையாகப் போட்டிருக்கும் முக்காலிகளில் உட்கார்ந்து காபி கேட்கிறார்கள். கிடையாது, இது வெள்ளையருக்கு மட்டும். கையில் ரசீது இருக்கிறது. அந்தப் பக்கம் எங்கள் காசு செல்லும், இந்தப் பக்கம் செல்லாதா என்று கேட்கிறார்கள். கடை சாத்தும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள், சில நாளில் கூட்டம் நூற்றுக்கணக்கில் ஆனது, போராட்டம் ஊர்விட்டு ஊர் பரவியது. ஜூலை 25ஆம் தேதி கடை இறங்கிவந்தது. அன்று அங்கே முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலைபார்த்த நான்கு கறுப்பினத் தொழிலாளர்கள்.

அந்த நால்வரும் பிறவியிலேயே குடிமக்கள். மாணவர் நால்வரும் அப்படித்தான். முக்காலியில் உட்காருவதற்குக் குடியுரிமைச் சான்று போதவில்லை. இத்தனைக்கும் விடுதி, வண்டி, நாடக அரங்கு எங்கும் நிறம் பார்க்கக்கூடாதென்று 1875இலேயே ஒரு சட்டம் இருந்தது. 1883இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே பாதுகாப்பு திரும்பிவர 1964 ஜூலை 2 ஆகிவிட்டது. அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டதுதான் ‘சிவில் ரைட்ஸ் ஆக்ட்’. வாக்குரிமைச் சட்டம் அடுத்த ஆண்டு.

இதற்கு மறுபக்கமும் உண்டு, என் பார்வையில் சொல்லைத் தீர்மானிப்பது அதுதான். 1880களில் சான் பிரான்சிஸ்கோ நகராட்சி, மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்றது. இருநூறுக்கும் மேற்பட்ட சீனர்கள் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் எண்பது பேர் வரை விண்ணப்பித்ததில் ஒருவர் நீங்கலாக எல்லோருக்கும் கிடைத்தது. ‘யிக் வோ’ என்ற சலவைக்கடைக்காரர் வழக்காடினார். அவர் சீனப் பேரரசின் குடி. அமெரிக்கக் குடியுரிமை பெறும் வழியே அன்று சீனர்களுக்கு அடைபட்டிருந்தது. ஆனாலும் 1886இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை 14ஆவது திருத்தம் ‘குடிமகனுக்கு’ என்று சொல்லவில்லை, ‘எந்த ஆளுக்கும்’ என்று சொல்கிறது என்பதே அடிப்படை. குடியுரிமை இல்லாதவருக்கும் இருக்கும் உரிமையைக் குடியுரிமை என்று எப்படி எழுதுவது?

குடியுரிமைப் போராட்டம் என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும் வரலாறும் அமெரிக்காவில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க், பிறப்பால் தான் அமெரிக்கக் குடிமகன் என்று 1898இல் வென்றார். பஞ்சாபிலிருந்து போய் அமெரிக்க ராணுவத்திலும் பணியாற்றிய பகத் சிங் திந்த் 1923இல் தோற்றார். குடியுரிமை பெறும் தகுதி ‘வெள்ளையருக்கு’ என்றிருந்த சட்டத்தில் இந்தியர் அடங்க மாட்டார் என்றது நீதிமன்றம். அந்தத் தடை 1946இல்தான் நீங்கியது. இவர்கள் கதைக்குக் குடியுரிமை என்றே எழுத வேண்டும். இலங்கையில் மலையகத் தமிழர்கள் 1948இல் இழந்ததும் சொல்லின் நேர்ப்பொருளில் குடியுரிமைதான்.

அப்படியானால் சிவில் ரைட்ஸுக்கு எது தமிழ்? என் தேர்வு குடிமை உரிமை. இதைச் சொல்லும்போது ஒரு தயக்கமும் கூடவே வருகிறது, அதை மறைக்க மனமில்லை. ‘குடி’ பழந்தமிழில் குடும்பம், குலம், அரசனின் கீழுள்ள மக்கள். ‘ஒழுக்கம் உடைமை குடிமை’ என்கிறது குறள், அங்கே குடிமை உயர்குடிப் பிறப்பு. சோழர் கல்வெட்டுகளில் குடிமை என்பது குடிகள் செலுத்தும் கடமை. யாழ்ப்பாணத்தில் குடிமை என்றால் வெள்ளாளர் வீடுகளுக்குத் தொழில் செய்யக் கட்டுப்பட்ட சாதிகளின் நிலை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடிமகன் என்று முடிதிருத்துபவரைச் சொல்வார்கள். சாதிப்படியைச் சுமந்த சொல் இது. அந்தச் சொல்லோடு ‘உரிமை’யைச் சேர்த்து எழுதும்போது, யாரைக் கட்டுப்பட்டவர் என்று குறித்ததோ அவருடைய உரிமையைக் குறிக்கும்படி சொல்லே திரும்பி நிற்கிறது. அதனாலேயே எனக்கு இது பிடித்திருக்கிறது. ‘சிவில் உரிமை’ என்று எழுதுபவர்களிடமும் எனக்குச் சண்டையில்லை, பொருள் கெடவில்லை. எழுதும்போது மட்டும் பிரித்தே எழுதுங்கள். ‘குடிமையுரிமை’ என்று சேர்த்தால் படிக்கிற கண் அதைக் குடியுரிமை என்றே வாசித்துவிடும்.

நம் ஊரிலேயே இந்தக் குழப்பத்தின் தடம் இருக்கிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1976இல் ‘ப்ரொடெக்‌ஷன் ஆஃப் சிவில் ரைட்ஸ் ஆக்ட்’ என்று பெயர் மாறியது. டீக்கடையில் தனிக்குவளை வைப்பது, கிணற்றையும் கோயிலையும் மறிப்பது போன்றவற்றைத் தண்டிக்கும் சட்டம். தமிழில் பலரும் இதைக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று எழுதுகிறார்கள். இரட்டைக் குவளைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் மக்கள் அந்தத் தமிழ்ப் பெயரைப் பயன்படுத்துவதே இல்லை. காவல் நிலையத்திலும் ஊர்ப் பேச்சிலும் அது ‘பி.சி.ஆர். கேஸ்’. தமிழ்ப்பெயர் பொருள் தராததால் மூன்று ஆங்கில எழுத்துகள் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு சொல் ‘சிவில் லிபர்டீஸ்’. பேச்சு, எழுத்து, வழிபாடு ஆகியவற்றில் அரசு கைவைக்கக்கூடாது என்பது அது. குடிமைச் சுதந்திரம் எனலாம்.

இன்றைக்கு அமெரிக்காவில் விசாவில் வேலைபார்க்கும் தமிழர்கள் ஏராளம். நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்து ஆசியர்களைத் தடுத்த குடியேற்ற முறையை 1965இல் நீக்கியதால் திறந்த வழி அது. அலுவலகத்தில் நிறத்தைக் காட்டியோ, மதத்தைக் காட்டியோ, எந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பதைக் காட்டியோ ஒருவரை ஒதுக்கினால், 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம். பொதுவாக 180 நாள் கெடு, பல மாநிலங்களில் 300 நாள். குடிமகனாக இருக்கத் தேவையில்லை. தமிழில் தேடிப் படிப்பவர் ‘குடியுரிமைச் சட்டம்’ என்ற தலைப்பைக் கண்டால், எனக்குத்தான் கிரீன் கார்டுகூட இல்லையே என்று அந்தப் பக்கத்தைத் திறக்காமலே போய்விடுவார்.