விரி நினைவகமும் நீள் நினைவகமும்

எக்ஸ்பாண்டட் மெமரி, எக்ஸ்டெண்டட் மெமரி. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்துக் கணினியில் ராம் கூட்டப் போனவர்களைக் குழப்பிய இரட்டைச் சொற்கள் இவை. இரண்டுக்குமே 'விரிவாக்கப்பட்ட நினைவகம்' என்று தமிழில் எழுதிவிட்டால் குழப்பம் இன்னும் கூடும்.

இரண்டும் லத்தீன் வழி வந்தவை. 'பாண்டெரே' என்றால் விரித்தல், 'டெண்டெரே' என்றால் இழுத்து நீட்டல். பாயை விரிக்கிறோம், கையை நீட்டுகிறோம். தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதே இல்லை.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 செயலிக்கு, நினைவகத்தில் இடத்தைச் சுட்டும் முகவரித் தடங்கள் 20. ஆகவே அது எட்டக்கூடியது 1 மெகாபைட் மட்டும். அதிலும் நிரல்களுக்கு 640 கிலோபைட்தான். மீதி திரைக்கும், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸுக்கும். பெரிய கணக்கு விரிதாள்களுக்கு அது போதவில்லை. 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஒரு வழி வகுத்தன. தனி அட்டையில் ராமை ஏற்றி, 640-க்கு மேல் ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதியில் 64 கிலோபைட் அளவுக்கு ஒரு சாளரம் வைப்பது. அதில் 16 கிலோபைட் பக்கங்கள் நான்கு. அட்டையில் 8 மெகாபைட் வரை இருக்கலாம். ஆனால் சாளரத்துக்கு வந்த பக்கம்தான் செயலியின் கண்ணில் படும். சுவடிக் கட்டு முழுதும் கையில் இருந்தாலும் விரித்த ஏட்டைத்தானே படிக்க முடியும்? அதனால் இது, அதாவது எக்ஸ்பாண்டட் மெமரி, விரி நினைவகம்.

பல நிரல்களை ஒருசேர ஓட்டும் பல்பணிக்கு இது உண்மையில் உதவியது, 1987-இல் வந்த இதன் வரையறையின் நான்காம் பதிப்பில்தான். வரம்பு 32 மெகாபைட் ஆனது. 640 கிலோபைட்டுக்குக் கீழேயும் பக்கங்களை மாற்ற முடிந்தது. அதற்கேற்ற அட்டை இருந்தால், தாய்ப்பலகை ராமில் 256 கிலோபைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு மேலுள்ள இடத்தை அட்டையின் ராமால் நிரப்புவார்கள். டெஸ்க்வியூ போன்ற பல்பணி மென்பொருள் ஒரு நிரலை முழுதாக ஒதுக்கி வைத்து இன்னொன்றை அங்கே கொண்டுவரும். ராமிலிருந்து ராமுக்கு நகலெடுக்க வேண்டியதில்லை, முகவரியை மாற்றினால் போதும். பழைய 8088-இல் இது பெரிய சாதனை என்றே நினைக்கிறேன்.

எக்ஸ்டெண்டட் மெமரி என்ற நீள் நினைவகம் வேறு. 1984-இன் ஐபிஎம் பிசி ஏடியில் இருந்த 286 செயலிக்கு 24 தடங்கள், எட்டக்கூடியது 16 மெகாபைட். 1 மெகாபைட்டைத் தாண்டி முகவரி தொடர்ந்து நீள்கிறது. சாளரம் கிடையாது. ஆனால் பழைய முறையிலேயே ஓடிய டாஸால் அதை நேரே தொட முடியவில்லை. பிறகு 386 செயலி வந்ததும், இஎம்எம்386 என்ற நிரல் நீள் நினைவகத்தையே விரி நினைவகமாகக் காட்டியது.

விரிகுடா, நீள்வட்டம் போல இவையும் வினைத்தொகைகள். நீள், நிலம் சேர்ந்து நீணிலம் ஆவதுபோல் 'நீணினைவகம்' என்பதே இலக்கணப் புணர்ச்சி. படிப்பவருக்கு எளிதாகப் பிரித்தே எழுதலாம்.

இன்று பழைய மடிக்கணினியில் இன்னொரு ராம் துண்டைச் செருகுவது இந்த இரண்டில் எதுவும் அன்று. அதற்கு 'நினைவகம் கூட்டுதல்' போதும்.