'சற்றுமுன்' என்றால் எத்தனை மணி?

மழை வலுத்திருந்த ஒரு மாலையில், குமுளியில் என் எதிர்வீட்டு ஏலக்காய் வியாபாரி செல்பேசியை நீட்டினார். "அண்ணே, பெரியாறு அணையைத் திறந்துவிட்டார்களாம்!" அணைக்குக் கீழே, வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் அவருடைய மாமியார் வீடு. படத்தில் சிவப்புப் பட்டை, அதில் 'சற்றுமுன்'. தேதி இல்லை, மணி இல்லை, சொன்னவர் பெயரும் இல்லை. அணைமேல் சுள்ளென்று வெயில் வேறு. இங்கே சூரியனைப் பார்த்து மூன்று நாள் ஆகியிருந்தது.

மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது எங்களுக்கும் ஒரு 'சற்றுமுன்' இருந்தது. அதன் பெயர் 'ஸ்டாப் பிரஸ்'. ஓடும் இயந்திரத்தை நிறுத்திச் சேர்க்கும் செய்தி. ஈய எழுத்துகளால் அச்சிடும் பழைய லெட்டர்பிரஸ் ரோட்டரி இயந்திரங்களில் இதற்கென்றே 'ஃபட்ஜ் பாக்ஸ்' என்ற சிறு பெட்டி உண்டு. பக்கத்தில் விட்டுவைத்த வெற்றிடத்துக்கு நேராக நாலு ஈய வரிகளை அதில் முடுக்கினால் போதும், முழுப் பக்கத்தையும் மாற்ற வேண்டாம். ஆப்செட் அச்சு வந்தபின் பக்கத்துக்கே புதிய பிளேட், அதாவது அச்சுத் தகடு, போட வேண்டும். நிறுத்திய இயந்திரம் மறுபடி வேகம் பிடிக்கும்வரை வரும் தாள்களெல்லாம் கழிவு. ஆகவே, "நிச்சயமா?" என்று கேட்காமல் போர்மேன் பொத்தானைத் தொடமாட்டார்.

1991 மே 21 இரவு சுமார் 10.20 மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வெளியூருக்கு முதலில் அச்சாகும் டாக் எடிஷன் எங்களிடம் பாதி ஓடியிருந்தது. கம்பம், குமுளிக் கட்டுகள் வேனில் ஏறிவிட்டன. ஏஜென்சிச் செய்திகளைத் தட்டச்சிட்டுத் தள்ளும் டெலிபிரிண்டரின் மணி விடாமல் அடித்தது. அப்போதும் ஆசிரியர் சென்னைக்குப் பேசி உறுதி செய்துகொண்ட பிறகுதான் "நிறுத்து" என்றார். கட்டுகளை இறக்கினோம். மூலைப் பெட்டிக்குள் அடங்கும் செய்தியா அது? முதல் பக்கமே புதிதாக எழுந்தது.

எல்லா இரவும் அப்படி வேனை மறிக்க முடியாது. எல்லையூர்க்காரர் காலையில் வாங்குவது முந்தைய இரவு சீக்கிரமே முடிந்த பதிப்பு. மதுரையில் அதே தேதியிட்ட தாளில் 'பிந்திய செய்தி' இருக்கும், இங்கே இருக்காது. செய்தியில் தேதியை மட்டுமல்ல, மணியையும் தேடும் பழக்கம் எனக்கு அப்படி வந்ததுதான்.

வியாபாரியிடம் அதையே கேட்டேன்: "எத்தனை மணிக்குத் திறந்தார்களாம்? யார் அறிவித்தது?" அணையின் நீர்மட்டம் தினமும் அறிவிக்கப்படுகிறது. தண்ணீரைத் தேக்க உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த அளவு 142 அடி. அன்றைய மட்டம் அதற்கு வெகு கீழே. அவருக்கு மனம் ஆறவில்லை, மாமியாருக்கே போன் போட்டார். துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டது எனக்கும் கேட்டது.