விரதம் முடிந்த மறுநாள் என்ன சாப்பிட்டாய்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செப்டம்பர் பாதியில் புரட்டாசி பிறக்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல தமிழ் வீடுகளில் அந்த ஒரு மாதம் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. சனிக்கிழமைதோறும் இலை போட்டுப் பெருமாளுக்குப் படையல். மெட்ரிக், அதாவது பள்ளிக் கடைசி வகுப்பு, படிக்கும் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வும் அதை ஒட்டித்தான் வரும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபர் கடைசியில் பொதுத்தேர்வு ஆரம்பித்துவிடும்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு தாய் என் சிகிச்சை அறைக்கு வந்தார். "விரதம்னுதான் ஆரம்பிச்சா. புரட்டாசி முடிஞ்சு மூணு வாரம் ஆகுது. அவளுக்கு மட்டும் இன்னும் முடியலை" என்றார். பக்கத்தில் பதினேழு வயதுப் பெண். டர்பன் வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். கூட வந்திருந்த ஆயா, அதாவது பாட்டிதான் என்னிடம் முழுக்கத் தமிழில் பேசினார். அம்மா பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். பெண் ஆங்கிலம் மட்டும். "எங்க தாத்தாவோட அப்பா காலத்துல கரும்புத் தோட்டத்துல அரிசியும் பருப்பும் அளந்து குடுப்பாங்களாம். அந்தச் சோத்துக்காகக் கப்பலேறி வந்த குடும்பம் இது. இந்தப் பிள்ளை சோத்தைத் தொட மாட்டேங்குதே, கண்ணு பட்டுடுச்சா?" என்று ஆயா கேட்டபோது அவர் கை நடுங்கியது.

அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்தது இதுதான், ஒரு வீட்டில் மட்டும் நடந்ததும் அல்ல.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது அனோரெக்சியா நெர்வோசா. தமிழில் இதைப் பசியின்மை நோய் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடே இல்லை. 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் வைத்த மூலப் பெயரிலேயே அந்தப் பிழை இருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குப் பசி இருக்கிறது, அதுவும் பயங்கரமாக இருக்கிறது. நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியேதான் நினைக்கிறார்கள். பசியை ஜெயிப்பதுதான் அவர்களுக்கு வேலையாகிவிடுகிறது.

அவள் அம்மா சொன்ன ஒரு காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை பதினைந்து பேருக்குக் காய்கறி பிரியாணி செய்தது இந்தப் பெண்தான். மசாலா வறுத்தாள், பருப்பு வேகவைத்தாள், உருளைக்கிழங்கைப் பொன்னிறமாகப் பொரித்து அடுக்கினாள். உப்பு பார்க்க மட்டும் தங்கையைக் கூப்பிட்டாள். கரண்டியில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைக்கூட விரலால் தொடாமல் குழாயடியில் காட்டிக் கழுவினாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, "நான் அப்பவே சாப்பிட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். வந்தவர்களெல்லாம் என்ன பொறுப்பான பெண் என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள்.

தான் சாப்பிடாமல் ஊருக்கே சமைக்கிற இந்த வினோதம் எங்கிருந்து வருகிறது? இதற்குப் பதில் கொஞ்சம் பழையது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தினார். போரில் சண்டை போட மறுத்து, தாங்களாகவே இதற்கு முன்வந்த ஆரோக்கியமான ஆண்கள் அவர்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. மனதுக்கு என்ன ஆனது என்பதுதான் முக்கியம். சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்து அளைந்து சாப்பிட்டார்கள். நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். எரிச்சல், சோர்வு, எதிலும் மனம் ஒட்டாத நிலை. இவர்களில் யாருக்கும் முன்னால் இந்த நோய் இருந்ததில்லை.

அதாவது, நோயாளியின் பிடிவாதம், மௌனம், அழுகை என்று நாம் பார்க்கிற பலவும் பட்டினி கிடக்கும் மூளையின் வேலை. மனது சரியானால் சாப்பிடுவாள் என்று காத்திருக்கும் பெற்றோரை நான் வாராவாரம் பார்க்கிறேன். காத்திருக்காதீர்கள். முதலில் சோறு உள்ளே போக வேண்டும், அப்புறம்தான் மனதோடு பேச முடியும். பட்டினியில் இருக்கும் மூளையோடு நான் எத்தனை மணி நேரம் பேசினாலும் அது சுவரோடு பேசுவதுதான்.

சரி, முதல் கவளத்தை ஒதுக்க வைத்தது எது? எல்லோரும் உடனே சொல்வது அழகு, செல்போன், சினிமா நடிகைகள். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் பார்த்த பிள்ளைகளில் பலருக்குக் கதை அதற்கு ரொம்ப முன்னால் தொடங்கிவிடுகிறது. ஆறு, ஏழு வயதிலேயே பயந்த சுபாவம். பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்று வலி. அழிரப்பர் தேய்த்துத் தேய்த்துக் கிழிந்த நோட்டு. 94 மதிப்பெண் வாங்கிவிட்டு மீதி ஆறுக்காகக் கழிப்பறையில் அழுத பிள்ளை. இதையெல்லாம் நாம் நல்ல பிள்ளை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எதிலும் குறையே இருக்கக் கூடாது என்கிற அந்தக் கண்டிப்பும், சின்ன வயதிலிருந்தே விடாத பதற்றமும் இந்த நோய் வந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் இருப்பதை இவர்களால் தாங்கவே முடியாது. மெட்ரிக்கில் எத்தனை டிஸ்டிங்ஷன், மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்குமா, அப்பாவும் அம்மாவும் ஒன்றாக இருப்பார்களா, இதில் எதுவுமே அவள் கையில் இல்லை. எடைக் கருவியின் முள் மட்டும் அவள் சொல்கிறபடி கேட்கிறது. இன்று அரை ரொட்டி என்றால் அரை ரொட்டிதான். குழப்பமான வாழ்க்கையில் அந்த ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது. அந்தத் தெளிவு கொடுக்கும் நிம்மதியை விட்டுவிடச் சொல்கிறோம். அவள் ஏன் மறுக்கிறாள் என்று இப்போது புரியும்.

இந்த நோயை நோயாளியே தன் எதிரியாகப் பார்ப்பதில்லை. காய்ச்சல் வந்தவர் காய்ச்சல் போகட்டும் என்று நினைப்பார். இவர்களில் பலர் இதைத் தன் சாதனையாக, தன்னைக் கைவிடாத ஒரே துணையாக நினைக்கிறார்கள். மருத்துவரிடம் வருவதற்கு முன்னால் பாக்கெட்டில் கனமான பொருளை வைத்துக்கொள்வதும், வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பதும் பொய் சொல்லும் குணத்தால் அல்ல. அந்தத் துணையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம்.

இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கிறேன். தன் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பெயர் சொல்லத் தெரியாமை. அந்தப் பெண்ணிடம், "உன் தோழி உன்னிடம் பேசாமல் போனபோது எப்படி இருந்தது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "வயிறு உப்பிப்போன மாதிரி இருந்தது" என்றாள். கோபம் என்றோ, வருத்தம் என்றோ, அவமானம் என்றோ ஒரு சொல் வரவில்லை. எல்லாமே வயிற்றில் வந்து நிற்கிறது. நம் வீடுகளில் "சாப்பிட்டியா?" என்பதுதான் அன்பு, "சாப்பாடு வேண்டாம்" என்பதுதான் கோபம். மற்ற உணர்ச்சிகளுக்குப் பேச இடமில்லாத வீட்டில் தட்டுதான் பேசும்.

"எனக்கு ஒல்லியாகணும்னு ஆசையே இல்லை, வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்பவர்களும் உண்டு. குண்டாகிவிடுவேனோ என்ற பயத்தை அவர்கள் வாயால் சொல்வதேயில்லை. 1993-இல் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் வெளியிட்ட ஆய்வில் 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படித்தான் இருந்தார்கள். கானா நாட்டில் 668 பள்ளி மாணவிகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2004-இல் வந்தது. அதில் 10 பெண்கள் தாங்களாகவே பட்டினி கிடந்து ஆபத்தான அளவு மெலிந்திருந்தார்கள். அவர்கள் பேச்சில் அழகு இல்லை, உடல் வடிவம் இல்லை. நோன்பும் புலனடக்கமும் இறைவனும்தான் இருந்தன. அதைப் படித்தபோது எனக்குச் சாட்ஸ்வொர்த்தும் காவடி மாதமும்தான் நினைவுக்கு வந்தன.

ஏனென்றால் இந்தப் பட்டினியை வெறும் பக்தி என்று நினைக்கிற தவறை நானே செய்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து தொழில் தொடங்கிய முதல் வருடம். தூக்கமில்லை என்று ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்ததையும், அது பிடித்துப்போய் அப்படியே தொடர்வதையும் அவளே சொன்னாள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு இவ்வளவு பக்தியா என்று நான் நெகிழ்ந்துபோய்ப் பாராட்டினேன். தூக்கத்துக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் அவள் அம்மா என்னைக் கூப்பிட்டார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பதுக்குக் கீழே போயிருந்தது. அவள் பிழைத்தாள். நான் பாராட்டிய அந்த வார்த்தையை அவள் பிறகு என்னிடமே திருப்பிச் சொன்னாள்: "நீங்ககூட நல்லதுன்னுதானே சொன்னீங்க."

அன்றிலிருந்து விரதம் என்று யார் சொன்னாலும் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். விரதம் முடிந்த மறுநாள் என்ன சாப்பிட்டாய்? பக்தியால் இருந்தவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். "அம்மா மீன் குழம்பு வெச்சாங்க" என்பார்கள். ஏகாதசிக்குத் துவாதசிப் பாரணை உண்டு, காவடி இறக்கினால் சாப்பாடு உண்டு. நம் முன்னோர் வைத்த எந்த விரதத்துக்கும் முடிவு நாள் ஒன்று இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் அந்த நாளைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். நாள் நெருங்க நெருங்க இன்னொரு வேண்டுதல் வந்து சேரும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது எடையை மட்டும் அல்ல. வெயிலிலும் குளிர்கிறது என்பது, கையிலும் முதுகிலும் பூனைமயிர் போல மெல்லிய முடி முளைப்பது, தலைமுடி கொத்தாக உதிர்வது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது. மாதவிலக்கு நின்றுபோவது ஒரு முக்கியமான அறிகுறிதான். ஆனால் அது நின்றால்தான் இந்த நோய் என்ற விதியை நோயறியும் கையேட்டிலிருந்து 2013-இலேயே எடுத்துவிட்டார்கள். ஆகவே மாதாமாதம் வருகிறதே என்று சமாதானப்பட வேண்டாம். பையன்களுக்கும் இது வருகிறது. ஜிம், புரதம், உடற்கட்டு என்று வேறு பெயரில் வருவதால் வீட்டில் யாருக்கும் உறைப்பதில்லை.

அம்மாக்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது, "நான் என்ன தப்பு செஞ்சேன்?" ஒரு காலத்தில் மருத்துவ உலகமே தாயைக் குற்றம் சொல்லியது. அது அநியாயம். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் இந்த நோய்க்கான சாய்வில் பாதியளவு பரம்பரையாக வருவதாகக் காட்டுகின்றன. 2019-இல் ஏறக்குறைய 17,000 நோயாளிகளின் மரபணுக்களைப் பார்த்த ஆய்வில் இந்த நோயோடு தொடர்புள்ள எட்டு மரபணு இடங்கள் தெரியவந்தன. அவற்றில் மனம் மட்டும் அல்ல, உடல் சக்தியைச் செலவழிக்கும் விதமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. யாரும் பிள்ளைக்கு இதை ஊட்டி வளர்க்கவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் பத்து வருடம் கழித்துப் பார்க்கும் அத்தை முதல் வார்த்தையாக "என்ன இப்படிப் பூசிட்டே?" என்று கேட்பதை நிறுத்தலாம். "இப்பத்தான் அழகா இளைச்சிருக்கே" என்பதை அதைவிட முதலில் நிறுத்த வேண்டும்.

சிகிச்சையில் பெற்றோர்தான் என் கூட்டாளிகள். லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான முறை ஒன்று உண்டு. இளம் வயதினருக்கு இன்று பல நாடுகளில் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதைச் சிறிது காலம் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வேளையும் இடையில் சிறு உணவும் பக்கத்தில் உட்கார்ந்து. பிள்ளை தேறத் தேற அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கெஞ்சுவதும் வேண்டாம், கலோரி கணக்கில் வாதாடுவதும் வேண்டாம். "இது உனக்கு மருந்து. நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் இங்கேயே இருக்கேன்." திட்டினால் பிள்ளையைத் திட்டாதீர்கள், நோயைத் திட்டுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பல வாரம் பட்டினியாக இருந்தவருக்குப் பயத்தில் ஒரே நாளில் வயிறு நிறையப் போட்டுவிடாதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். முதலில் மருத்துவரிடம் போய் நாடி, இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, அவர் சொல்லும் அளவில் தொடங்க வேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, சாக வேண்டும் என்ற பேச்சு, இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் சாடாக் என்னும் தென்னாப்பிரிக்க மனநல அமைப்பின் இலவசத் தொலைபேசியில் கேட்கலாம்.

அந்தப் பதினேழு வயதுப் பெண் அந்த நவம்பரில் தேர்வு எழுதவில்லை. அது அவளுக்கு மரணத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மறு வருடம் எழுதினாள். மறுபடி புரட்டாசி வந்தபோது விரதம் இருக்கட்டுமா என்று கேட்டாள். அப்பா கோயில் குருக்களிடம் போய்க் கேட்டார். உடம்புக்கு முடியாதவர்களுக்கு விரதம் கிடையாது, படையலைச் சாப்பிடுவதுதான் உனக்குப் பிரார்த்தனை என்று அவர் சொல்லி அனுப்பினார். நான் ஆறு மாதம் பேசியும் முடியாததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துக் கொடுத்தார்.

கடைசிச் சனிக்கிழமை ராத்திரி அவள் அம்மா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். பிரியாணிக்கு உப்பு அவளே பார்த்தாளாம். கரண்டி முனையில் நாலு பருக்கை. பார்த்துவிட்டு அடுப்படியிலேயே அழுதாளாம். இலையில் பாதி சாப்பிட முக்கால் மணி நேரம் ஆனது. "மீதியை மூடி வெச்சேன் டாக்டர். எட்டரைக்குச் சூடு பண்ணி மறுபடியும் பக்கத்துல உக்காந்தேன். பத்துக்குத்தான் எழுந்தோம்."