மூன்று சிலிண்டரில் ஓடும் அம்பாசிடர்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கங்களில் இன்றும் சில வீடுகளில் ஆசையோடு பேணப்படும் பழைய பெட்ரோல் அம்பாசிடர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் ஒரு கோளாறு எளிதில் வந்து சேரும். நின்ற நிலையில் எஞ்சின் உலுக்கும்; சைலன்சர் ஓசையில் ஒழுங்கான இடைவெளியில் ஒரு துடிப்பு விட்டுப்போகும்; ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுவை இருக்காது. மெக்கானிக்குகள் இதை "மிஸ் அடிக்கிறது" என்பார்கள். நான்கு சிலிண்டர்களில் ஒன்றில் எரிபொருள் எரியவில்லை என்பது அதன் பொருள். இதைக் கேட்டவுடன், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றத் தொடங்குவது பெரும்பாலும் வீண் வேலை என்பதை எஞ்சினின் அமைப்பே சொல்லிவிடுகிறது.

பிரிட்டனின் மோரிஸ் வழியில் வந்த இந்த 1489 சி.சி. எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1-3-4-2 என்ற வரிசையில் எரிகிறது. வண்டி நின்றபடி எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது ஒரு சிலிண்டருக்கு 400 பொறிகள் தேவை. எரிவதற்கு வேண்டியவை மூன்று: சரியான விகிதத்தில் பெட்ரோலும் காற்றும், போதிய கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை நெருக்கும் அழுத்தம்), உரிய நேரத்தில் வலுவான பொறி. இவற்றுள் கார்புரேட்டர், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில், அதற்கு வரும் மின்சாரத்தை உரிய நேரத்தில் துண்டிக்கும் பாயிண்ட், அதற்குத் துணையான கண்டென்சர் ஆகியவை நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவானவை. பொறி விடும் பிளக், அதற்கு வரும் வயர், மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறையாகப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் அதற்குரிய முனை, வால்வுகள், பிஸ்டன் ரிங்குகள் ஆகியவை அந்தந்தச் சிலிண்டருக்கே உரியவை. ஒரே வாய்க்காலில் பாயும் நான்கு வயல்களில் மூன்றில் தண்ணீர் நின்று ஒன்று மட்டும் காய்ந்தால், கல்லணையைத் திறக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை; அந்த வயலின் மடையைத்தான் போய்ப் பார்க்கிறோம்.

முதலில் எந்தச் சிலிண்டர் என்று அறிய வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் உலோகத்தோடு எர்த் செய்துவிட்டு மீண்டும் ஓடவிட வேண்டும். வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர் என்றால் வேகம் குறைந்து உலுக்கல் கூடும். எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் பழுது அங்கேதான். ஓடும் எஞ்சினில் வெறுங்கையால் வயரைப் பிடுங்கக் கூடாது, அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். எர்த் செய்யாமல் வயரைத் தொங்கவிட்டாலும் போக வழியில்லாத அந்த மின்னழுத்தம் காயிலின் உட்காப்பைத் துளைத்துவிடக்கூடும்.

அடுத்து அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெட்ரோலில் நனைந்திருந்தால் கலவை வந்திருக்கிறது, எரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங்கோ, வால்வு அசையும் குழலான கைடோ தேய்ந்து, எண்ணெய் மேலே வருகிறது. இங்கே ஒரு பரவலான தவறான முடிவைச் சொல்லியாக வேண்டும். பிளக்கை எஞ்சின் மேல் சாய்த்து வைத்து, எஞ்சினைச் சுழற்றிப் பார்த்து, நீலப் பொறி தெரிந்தவுடன் "பிளக் நன்றாக இருக்கிறது" என்று தீர்த்துவிடுகிறார்கள். மின்பொறி ஓர் இடைவெளியைத் தாண்டத் தேவையான மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கிவரும் அளவைப் பொறுத்தது என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் 1889-இல் காட்டினார். திறந்த வெளியில் சுமார் 0.6 மி.மீ. இடைவெளியைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் நெருக்கிய கலவையில் அதே இடைவெளிக்குப் பல மடங்கு வேண்டும். பீங்கானில் மயிரிழை விரிசலோ கரிப்படிவோ இருந்தால் மின்சாரம் அந்த எளிய வழியில் கசிந்துவிடும். வெளியே பொறி விடும் பிளக், உள்ளே ஊமையாகிவிடும்.

சில பழுதுகள் சுமை ஏறும்போது மட்டும் தெரிவதும் இதனால்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் சிலிண்டர் நிறையக் கலவையை வாங்குகிறது, அழுத்தம் கூடுகிறது, பொறிக்கு வேண்டிய வோல்ட்டும் கூடுகிறது. டெல்டாவின் சமதளச் சாலைகளில் இந்தப் பலவீனம் நெடுநாள் ஒளிந்திருக்கும். ரயில்வே மேம்பாலத்தில் டாப் கியரிலேயே ஏறிப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும்.

ஆகவே பொறியைக் கண்ணால் பார்ப்பதைவிட இடம் மாற்றிப் பார்ப்பது நம்பகமானது. சந்தேகப்படும் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றினால் பழுதும் கூடவே போகிறதா? போனால் பிளக்கே காரணம். போகவில்லை என்றால் வயரை மாற்றிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி.

மழைக்காலத்தில் நான் அதிகம் சந்தேகிப்பது இந்த மூடியைத்தான். உட்புறத்தில் படிந்த தூசியில் ஈரம் சேர்ந்தால் மின்சாரம் அதன் மேல் ஊர்ந்து, மென்கோடாகக் கரியை விட்டுச் செல்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும்; எனவே ஈரம் காய்ந்த பின்னும் பழுது காயாது. துடைப்பதோ சுரண்டுவதோ சில நாள்தான் தாங்கும், மூடியை மாற்றுவதே சரி. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் வயர் செருகும் குழிகளில் பூக்கும் களிம்பையும் சுரண்டிப் பார்க்க வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பானட்டைத் திறந்து பார்த்தால், வயரில் கசிவு இருக்குமிடம் நீலமாக மினுங்கும்.

பொறி ஒழுங்காக இருந்தும் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு சேர்ந்து தடுமாறினால், கலவை பக்கம் பார்வையைத் திருப்பலாம். இந்த எஞ்சினில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரு நுழைவாய், 3, 4-க்கு இன்னொன்று. கலவையைக் கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டு குழாயின் கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு) ஒரு வாயருகே விட்டுப்போனால், கூடுதல் காற்று புகுந்து அந்த ஜோடியின் கலவை நீர்த்துவிடும். கார்புரேட்டர் அப்போதும் குற்றமற்றதே.

எஞ்சியது கம்ப்ரஷன். நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயில் இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி, ஒவ்வொன்றாகக் கேஜில் அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ரிங் தேய்ந்திருக்கும் பட்சத்தில் எண்ணெய் அந்த இடுக்கை அடைத்து அளவு ஏறும். ஏறவில்லை என்றால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களும் ஒன்றுபோல் குறைந்திருந்தால் இடையில், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் கேஸ்கெட் வெடித்திருக்கலாம். வால்வு என்று தெரிந்தாலும் ஹெட்டைக் கழற்றுமுன் வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புக்கும் இடையிலுள்ள டேப்பட் இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் பார்த்துவிட வேண்டும். இடைவெளி அற்றுப்போன வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராமல் கம்ப்ரஷனைக் கசியவிடும், கருகுமுன் கண்டுகொண்டால் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவருமே அதைச் சரிசெய்யப் போதும்.