‘இதுவரை எவ்வளவு?’ குவிவு சதவீதத்தைக் கணக்கிடுவதும் படிப்பதும்

100 மதிப்பெண்ணுக்கான ஒரு தேர்வை 60 பேர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20-க்குக் கீழே 4 பேர், 20 முதல் 40-க்குள் 13 பேர், 40 முதல் 60-க்குள் 22 பேர், 60 முதல் 80-க்குள் 16 பேர், 80-உம் அதற்கு மேலும் 5 பேர். சரியாக 40 வாங்கியவர் மூன்றாவது பிரிவில்தான் சேர்வார். எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்பது இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் நாம் பெரும்பாலும் கேட்பது வேறு: 60-ஐ எட்டாதவர்கள் மொத்தத்தில் எவ்வளவு பங்கு? அதற்குப் பதில் தருவதுதான் குவிவு சதவீதம்.

கணக்கில் சிரமம் ஒன்றுமில்லை. முதல் பிரிவிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 4, 17, 39, 55, 60 என்று வரும். இவை குவிவு நிகழ்வெண்கள். ஒவ்வொன்றையும் 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 6.7, 28.3, 65, 91.7, 100. கடைசி எண் 100 ஆகவில்லை என்றால் எங்கோ கூட்டல் பிசகியிருக்கிறது.

அல்லது கூட்டிய முறையே தவறாக இருக்கலாம். பலர் தனித்தனிச் சதவீதங்களை முதலில் முழு எண்ணாக்கிவிட்டு, அப்புறம் அவற்றைக் கூட்டுகிறார்கள். நம் பட்டியலில் அவை 7, 22, 37, 27, 8 என்று ஆகும். இவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் 7, 29, 66, 93, கடைசியில் 101! முழு எண்ணாக்கும்போது சேர்ந்த சிறு மிகைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டதுதான் காரணம். முதலில் ஆட்களைக் கூட்டி, பிறகு வகுத்து, கடைசியாக முழு எண்ணாக்கினால் 7, 28, 65, 92, 100 என்று ஒழுங்காக முடியும்.

சரி, 65 என்ற எண் என்ன சொல்கிறது? 60-க்குக் குறைவாக வாங்கியவர்கள் 65 சதவீதம். 40 முதல் 60 வரையுள்ள பிரிவில் மட்டும் 65 சதவீதம் பேர் என்று அதைப் படித்துவிடக் கூடாது. அங்கே இருப்பவர்கள் 36.7 சதவீதம்தான். அதேபோல், 80 வாங்கிய ஒருவர் ஏறக்குறைய 92 சதவீதம் பேரைவிட முன்னால் இருக்கிறார். இந்த 92 அவருடைய மதிப்பெண் அல்ல, மற்றவர்களுக்கு நடுவே அவருடைய இடம். நூற்றுமானம் (percentile) என்ற அளவின் அடிப்படையும் இதுதான்.

இடைநிலை அளவையும், அதாவது பாதிப் பேர் கீழேயும் பாதிப் பேர் மேலேயும் இருக்கும் மதிப்பெண்ணையும், இதே வரிசையிலிருந்து எடுக்கலாம். குவிவு சதவீதம் 28.3-இலிருந்து 65-க்குத் தாண்டும் பிரிவில்தான் 50 இருக்கிறது. அந்தப் பிரிவுக்குள் மாணவர்கள் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், 50-ஐ எட்ட இன்னும் 21.7 தேவை; பிரிவில் இருப்பது 36.7. அதாவது 20 மதிப்பெண் அகலத்தில் 59 சதவீதத் தூரம், கிட்டத்தட்ட 12. ஆக இடைநிலை அளவு சுமார் 52. சீராகப் பரவியிருக்கிறார்கள் என்பது நாமே வைத்துக்கொண்ட அனுமானம் என்பதால் ‘சுமார்’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

இதையே வரைபடமாக்கினால் ஓஜைவ் வளைகோடு கிடைக்கும். அந்தப் பெயரைப் புள்ளியியலில் 1875-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன். புள்ளிகளைப் பிரிவின் நடுவில் வைக்காமல், மேல் எல்லையில் வைக்க வேண்டும்; 65 சதவீதம் முழுதாகச் சேர்வது 60-இல்தானே. இந்தக் கோடு ஒருபோதும் கீழே இறங்காது. ஏறுகிறதே என்று வியப்பதில் அர்த்தமில்லை, எங்கே செங்குத்தாக ஏறுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அங்கேதான் ஆட்கள் நெருக்கமாக இருக்கிறார்கள். காலப்போக்கில் ‘இதுவரை மொத்தம்’ என்று காட்டும் படங்களுக்கும் இது பொருந்தும்: புதிய எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தாலும் கோடு மேலேதான் போகும்.

கூட்டுவதற்கு வரிசை வேண்டும். மதிப்பெண், வயது, ‘திருப்தியில்லை’ முதல் ‘மிகவும் திருப்தி’ வரையான பதில்கள், இவற்றுக்கெல்லாம் வரிசை உண்டு. ரத்த வகைக்கு இல்லை. ‘ஏ, பி வரை இத்தனை சதவீதம்’ என்பது வகைகளை இடம் மாற்றினால் மாறிவிடும் வெற்று எண். கணினி மென்பொருள் இதைக் கண்டுகொள்ளாமல் அட்டவணையில் குவிவு சதவீதத்துக்கான பத்தியையும் நிரப்பித் தந்துவிடும். அச்சிடுவதற்கு முன் அதை நீக்குவது நம் வேலை.

எதால் வகுத்தோம் என்பதும் முக்கியம். பதிவு செய்தவர்கள் 70 பேர், 10 பேர் தேர்வுக்கு வரவில்லை என்றால் அதே 39 பேர் 65 சதவீதமா, 55.7 சதவீதமா? இரண்டும் சரியான கணக்குதான், கேள்விகள்தான் வேறு. எதை அடிப்படையாக எடுத்தோம் என்று எழுதாத அட்டவணையை நம்புவது கடினம்.

இரண்டு குழுக்களின் வளைகோடுகளை ஒரே படத்தில் வரைந்தால் இன்னொரு தடுமாற்றம் வரும். 60-க்குக் கீழே ஒரு குழுவில் 65 சதவீதம், மற்றொன்றில் 40 சதவீதம் என்றால், அந்த இடத்தில் உயரமாகத் தெரியும் கோடு முதல் குழுவுடையது. ஆனால் 60-ஐ எட்டியவர்கள் அந்தக் குழுவில் 35 சதவீதம், இரண்டாவதில் 60 சதவீதம். படம் முழுக்க ஒரு கோடு மற்றதற்கு வலப்புறமாக, தாழ்வாகவே போனால், நன்றாக எழுதிய குழு அதுதான்.