வெக்டர்: திசையனும் அல்ல, பரப்பியும் அல்ல

'பாசனப் பகுதிகளில் திசையன் கட்டுப்பாடு', 'திசையன் மூலம் பரவும் நோய்கள்'. கொசுவைப் பற்றிய மொழிபெயர்ப்புகளில் இந்தத் திசையன் அடிக்கடி தட்டுப்படுகிறது. அளவும் திசையும் உள்ள கணியத்துக்குக் கணக்குப் பாடம் வைத்த பெயர் அது. மலேரியாவுக்கு அங்கே என்ன வேலை? ஆங்கிலத்தில் கணக்கின் திசையனுக்கும் நோயைச் சுமக்கும் கொசுவுக்கும் வெக்டர் என்று ஒரே பெயர்; குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வெக்டர் லத்தீன் சொல். சுமந்து செல்வது என்று பொருள். வெஹிக்கிள் பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். கணிதத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹாமில்டன், 1840களில். நாம் வேரை விட்டுவிட்டுத் திசையைப் பிடித்துக்கொண்டோம். ஈழத் தமிழர் வேரைப் பிடித்தார்கள்: கணக்கில் காவி, நுளம்புக்கு (கொசுவுக்கு) நோய்க்காவி. காவுதல் என்றால் தோளில் சுமத்தல்; காவடியில் இருப்பதும் இந்தக் 'கா'தான். அங்கே இந்தக் குளறுபடிக்கு இடமே இல்லை. நல்ல சொல். ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்குக் காவி என்றால் துணியின் நிறம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் இங்கே நோய்க்கடத்தி போதும் என்பது என் கட்சி.

திசையனாவது பார்த்தவுடன் சிரிப்பை வரவழைக்கும், யாராவது திருத்திவிடுவார்கள். உண்மையான தொல்லை, வெக்டருக்கு வழங்கும் இன்னொரு சொல்லான நோய்ப்பரப்பி. எளிமையாக இருக்கிறது, எல்லாருக்கும் புரிகிறது என்று அதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். புரிகிறதுதான், தப்பாகப் புரிகிறது. இருமுகிறவரும் நோயைப் பரப்புகிறார், சாக்கடை கலந்த குடிநீரும் பரப்புகிறது. வெக்டர் என்பது ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் கிருமியை ஏற்றிச் செல்லும் உயிரி. மலேரியாவில் அது வெறும் சுமைகூலியும் அல்ல. ஒட்டுண்ணியின் பாலினப்பெருக்கமே கொசுவின் வயிற்றில்தான் நடக்கிறது. 1897இல் செகந்திராபாத்தில் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்டு ராஸ் கண்டது கொசுவின் இரைப்பைச் சுவரில் வளர்ந்துகொண்டிருந்த ஒட்டுண்ணியைத்தான். அது முற்றி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும்; குளிர் கூடினால் இன்னும் இழுக்கும். அதுவரை உயிரோடிருக்கும் பெண் கொசுதான் நோயைக் கடத்த முடியும். 'பரப்பி'யில் இந்தக் காத்திருப்புக்கு இடமுண்டா?

பாசனப் பகுதி என்று வந்துவிட்டால் குழப்பம் இன்னும் முற்றும். வாய்க்கால் வெட்டியதால் மலேரியா வந்தது என்பார்கள். உடனே வாய்க்காலையும் பரப்பி ஆக்கிவிடலாம். வாய்க்கால் கொசு பிறக்கும் இடம், அவ்வளவுதான். வயலில் பிறக்கும் கொசுவெல்லாம் மலேரியாக் கொசுவும் அல்ல. நெல் வயலில் மண்டும் கியூலெக்ஸ் வகைகள் சில கடத்துவது ஜப்பானிய மூளைக்காய்ச்சலை. மலேரியாக் கொசுக்கள் அடங்கிய அனாபிலிஸ் பேரினத்தில் 400க்கும் மேல் இனங்கள் இருக்கின்றன, மனித மலேரியாவைக் கடத்துவதில் பெரும்பங்கு 30, 40 இனங்களுக்குத்தான். இந்திய நாட்டுப்புறத்தில் முதன்மைக் கடத்தியான அனாபிலிஸ் குலிசிபேசிஸ், வாய்க்காலின் கசிவுக் குட்டையிலும் நாற்று நட்ட புதிதில் வெயில் படும் வயல் நீரிலும் முட்டையிடும். பயிர் ஓரடிக்கு மேல் வளர்ந்து நெருங்கிவிட்டால் அந்த வயலை அது அவ்வளவாக நாடுவதில்லை. ஆக, ஒரே வயலில் நட்ட மாதம் ஒரு கொசு, கதிர் வரும் மாதம் வேறொரு கொசு. எது எதைக் கடத்துகிறது என்று பிரித்துச் சொல்லத்தான் கலைச்சொல்லே தேவைப்படுகிறது.

கடத்தி என்றால் கள்ளக்கடத்தல் நினைவுக்கு வருகிறதாம். மின்கடத்தி என்று படித்த பிள்ளைகள் யாரும் அப்படி மிரளவில்லை. கடத்து என்பது கட என்பதன் பிறவினை, கடக்கச் செய்வது என்று பொருள். இங்கே வேண்டியதும் அதுதான். அறிகுறியே இல்லாமல் உடம்பில் ஒட்டுண்ணியோடு நடமாடும் மனிதருக்கு நோய்தாங்கி என்று தனிச்சொல் இருக்கிறது. பரப்பி என்றால் அவரையும் கொசுவையும் ஒரே கூடையில் போட வேண்டிவரும்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் வயல் பக்கம் எட்டிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வயலில் நீரைத் தேக்கியே வைக்காமல் சில நாள் வடியவிட்டால், கூட்டுப்புழு ஆவதற்குள் கொசுப்புழு காய்ந்து சாகும். இதை 'மாற்று ஈரமாக்கல் மற்றும் உலர்த்தல்' என்று எழுதுகிறார்கள். உழவர் வாயில் அது காய்ச்சலும் பாய்ச்சலும். மலேரியா பற்றிய கட்டுரையில் 'காய்ச்சல்' இரண்டு பொருள் தருமே என்று தயங்கினால், 'காயவிட்டுப் பாய்ச்சுதல்' என்று எழுதட்டும். அதற்கும் அகராதி தேவையில்லை.